கப்பலின் ஆயுளும் கரையின் கடமையும்

ஒரு கப்பலின் ஆயுளை எதைக்கொண்டு அளப்பது? இரும்பு எத்தனை காலம் தாங்கும் என்பதைக்கொண்டு அளப்பதே வழக்கம். இயந்திரம் தேய்ந்து, தகடு மெலிந்து, பழுது பார்க்கும் செலவு வருமானத்தை மிஞ்சும்போது முதலாளி அதை உடைப்பதற்கு விற்றுவிடுகிறார். ஆனால் கடலில் தத்தளிப்போரை மீட்பதற்கென்றே புறப்படும் கப்பலுக்கு இந்தக் கணக்குப் பொருந்துவதில்லை. அதன் ஆயுளை முடிப்பது வேறொன்று. அது யாது என்று சிந்திப்பது, கடல் கடந்து வந்து இத்தீவில் வேரூன்றிய நமக்கு மிகவும் பொருத்தமாகும்.

நம்மில் மூத்தவர்கள் ரஜூலா கப்பலை மறந்திருக்க மாட்டார்கள். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி, தலைமுறை தலைமுறையாக நம்மவரை டெக்கில் சுமந்து வந்தது. யுத்த காலத்தில் படைகளையும் ஏற்றியது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, 1974-இல் உடைக்கப்பட்டது. ஏறத்தாழ 47 ஆண்டு உழைப்பு! பிரயாணிகளின் கையில் சீட்டும் உரிய தாள்களும் இருந்தன. இரு முனையிலும் அவர்களை ஏற்கத் துறைமுகங்கள் இருந்தன. ஆகவே இரும்பு தாங்கும்வரை அது ஓடிற்று.

இனி மற்றொரு கப்பலைப் பார்ப்போம். 1975-இல் வியத்நாம் யுத்தம் முடிந்தபின் லட்சக்கணக்கானோர் சிறு படகுகளில் தென்சீனக் கடலில் இறங்கினர். திரங்கானுவுக்கு அப்பாலுள்ள பூலாவ் பீடோங் என்னும் சிறு தீவில், 1979-ஆம் ஆண்டின் நடுவில் ஏறத்தாழ 40,000 பேர் நெருங்கிக் கிடந்தனர். அவ்வாண்டு மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த ரூப்பர்ட் நாய்டெக், கிறிஸ்டல் நாய்டெக் தம்பதியர், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹைன்ரிஹ் போல் முதலியோரின் ஆதரவோடு பொதுமக்களிடம் பணம் திரட்டி, காப் அனமூர் என்ற சரக்குக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி அனுப்பினர். அதுவும், பின்னர் அதே பெயரைத் தாங்கிச் சென்ற கப்பல்களும் சேர்ந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தன.

அந்த முதல் கப்பலின் சேவை எத்தனை ஆண்டு? 1979 முதல் 1982 வரை, மூன்றே ஆண்டு. இரும்பு உளுத்துவிட்டதா? இல்லை. மாலுமிகள் சோர்ந்தார்களா? அதுவும் இல்லை. கடலில் படகுகளும் ஓய்ந்துவிடவில்லை. வேறொரு நாடு ஏற்கும் என்ற உறுதியின்றி இப்பகுதித் துறைமுகங்கள் மீட்கப்பட்டவரை இறங்க விடவில்லை. மேற்கு ஜெர்மானிய சர்க்காரும் இனி ஏற்க இயலாது என்றது. எடுத்த மனிதரை இறக்க இடமில்லாத கப்பல் மீண்டும் எடுப்பது எப்படி? மீட்புக் கப்பலின் ஆயுளை முடித்தது கரைதான்.

சட்டமும் இந்த இடத்தில்தான் தயங்குகிறது. ஆபத்தில் இருப்போருக்கு உதவ விரைய வேண்டியது கப்பல் தலைவனின் கடமை என்று 1974-ஆம் ஆண்டின் சர்வதேச கடற் பாதுகாப்பு உடன்படிக்கை விதிக்கிறது. மீட்டவரைப் பத்திரமான இடத்தில் சேர்க்க அரசாங்கங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று 2006-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கூறுகிறது. ஆனால் ஒத்துழைப்பு இல்லாதபோது எந்தக் கரை கட்டாயம் ஏற்க வேண்டும் என்று அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. தலைவனின் கடமை தெளிவு. கரையின் கடமை மங்கல்.

இங்கே மூன்று ஆட்சேபங்கள் எழும். அவற்றை அலட்சியம் செய்வது நேர்மையாகாது.

கப்பல் இருக்கிறதென்று நம்பியே மேலும் பலர் கடலில் இறங்குவர் என்பது முதலாவது. சிலர் அவ்வாறு துணியக்கூடும். ஆயினும், காப் அனமூர் புறப்படுமுன்பே பீடோங் நிரம்பிவிட்டதல்லவா? துரத்துவது கரையிலுள்ள துன்பமே. மேலும், நாளை வரக்கூடிய ஒருவனைத் தடுப்பதற்காக இன்று மூழ்குபவனைக் கைவிடலாம் என்ற நியாயத்தை நம் பிள்ளை தண்ணீரில் கிடக்கும்போது நாம் ஒப்புவோமா?

வருவோர் உண்மை பேசுவதில்லை என்பது இரண்டாவது. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் மிதந்தனர். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு மீட்டார். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் கூறினர். உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று பின்னர் வெளிப்பட்டது. கனடாவில் கோபம் மூண்டது. எனினும் அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. பொய் பொய்யே, அதை விசாரிக்க வேண்டியதும் முறையே. ஆனால் விசாரணைக்கு இடம் கரை. தண்ணீரில் கிடப்பவனிடம் சாட்சியம் கேட்பது எந்தத் தர்மத்திலும் இல்லை.

எங்கள் கரை சிறிது, எத்தனை பேரைத் தாங்கும் என்பது மூன்றாவது. இதுவே கனமான ஆட்சேபம். ஒரு கரையின் மேலேயே முழுப் பாரத்தையும் சுமத்துவது அநீதிதான். அதற்கு மருந்து பங்கீடு. 1979 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இடம் தருவதாக வாக்களித்தன. அதன்பின் இப்பகுதிக் கரைகளின் இறுக்கம் தளர்ந்தது. 2015 மே மாதத்தில் ரோஹிங்யாக்களும் வங்காளிகளும் நிறைந்த படகுகள் கரைக்குக் கரை தள்ளப்பட்டபோது, ஆச்சே மீனவர்கள் யாரையும் கேளாமல் தம் படகுகளில் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு வந்தனர். அதன்பின்னரே மலேசியாவும் இந்தோனேசியாவும் புத்ராஜெயாவில் கூடி, ஓராண்டுக்குள் பிறர் குடியமர்த்துவர் என்ற நிபந்தனையோடு 7,000 பேருக்குத் தற்காலிக இடம் தர இசைந்தன. ஏழை வலைஞர்கள் முன்னே நடந்தார்கள். ராஜாங்கங்கள் பின்னே வந்தன.

பங்கீடு தவறினால் நேர்வது என்ன? 2020 ஏப்ரலில், தொற்றுநோய்க் காலத்தில், லங்காவிக்கு அருகே ஏறத்தாழ 200 பேர் இருந்த படகு உணவு கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டது. அதே மாதம் வங்காளதேசத்தார் மீட்ட மற்றொரு படகு ஏறக்குறைய இரண்டு மாதம் கடலில் அலைந்திருந்தது. சுமார் 400 பேர் எலும்பும் தோலுமாய் இறங்கினர். பலர் வழியிலேயே மாண்டிருந்தனர்.

சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்காவைக் கடந்து போகாத நாளில்லை நமக்கு. ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த ஒரு கப்பலை நாகூர் நாயகம் தம் கைக்கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் என்று வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கப்பல் பறங்கியருடையது என்பதும் அக்கதையிலேயே இருக்கிறது. நம் பாட்டன்மார் அதைச் சொல்லி வந்தபோது, மூழ்குவோர் யார் என்ற கேள்வியை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை.

அன்பர்களே! கப்பலை அனுப்ப நம்மில் யாரால் முடியும்? ஆனால் கரையாக இருப்பது நம் கைக்கு எட்டியது. கரையேறியவன் இன்று நம் ஊரிலேயே கட்டட வேலையிலும் சந்தையிலும் நம்மருகே நிற்கிறான். அவன் கூலியைக் குறைக்காமல் கொடுப்பது, நோயுற்றபோது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, அவன் குழந்தைக்கு நாலெழுத்துக் கற்பிக்க வழிசெய்வது, அவனைப் பற்றிய வீண் வதந்தியை நம் வாயால் பரப்பாதிருப்பது ஆகிய இவ்வளவும் கரையின் கடமையே. இவை இல்லாத ஊரில், தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவனின் மீட்பு பாதியிலேயே நிற்கிறது. மறுபாதியை முடிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுப் பார்ப்பார்களாக.