நிழலா? நிஜமா?



"கம்ப்யூட்டர்ல வர்ற சிநேகிதமெல்லாம் நிஜமா? அது வெறும் நிழல்தானே?" என்று அநேகர் என்னிடத்தில் கேட்கிறார்கள். இதற்கு நார்வே தேசத்து வாலிபன் ஒருவனுடைய ஜீவியத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மாட்ஸ் ஸ்டீன் 1989-ல் பிறந்தான். டுஷேன் என்னும் தசைச்சிதைவு வியாதி அவனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. வரவரப் பெலன் குன்றி, விரல்களை அசைப்பதே பெரிய காரியமாயிற்று. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டிலேயே நேரமெல்லாம் கழித்தான். பெற்றோரோ, பிள்ளைக்கு சிநேகிதரே இல்லாமப் போச்சே என்று துக்கித்தார்கள்.

2014-ல், தன் 25-ம் வயதில் மரித்தான். தகப்பன் இன்டர்நெட்டில் மரணச் செய்தியைத் தெரிவித்தார். அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள்! முகமறியாத ஜனங்களிடமிருந்து கண்ணீரின் கடிதங்கள் வந்து குவிந்தன. அடக்க ஆராதனைக்கே சிலர் வேறு தேசங்களிலிருந்து வந்து நின்றார்கள்.

அந்த விளையாட்டில் அவன் பெயர் இபெலின். அங்கே ஓடினான்; துக்கப்பட்டவர்களுக்குச் செவிகொடுத்தான். ஆட்டிசம் உள்ள மகனோடு நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு, விளையாட்டுக்குள்ளேயே போய் மகனோடு பழகும்படி ஆலோசனை சொன்னான். திரையில் துவங்கின அந்த நெருக்கம் வீட்டுக்குள்ளும் வந்தது. தாயும் மகனும் கட்டியணைத்தார்கள். 2024-ல் வெளியான ஆவணப்படம் இதைக் காட்டுகிறது. வெறும் நிழலுக்கு இந்தப் பெலன் ஏது?

ஆனாலும் பல வருஷம் தன் வியாதியை அந்த சிநேகிதருக்கும் மறைத்தே வைத்திருந்தான். ஏன்? நாற்காலியை முதலில் பார்த்து, மனுஷனை அப்புறம் பார்க்கிற கண்கள் இந்த உலகத்தில் அதிகம். திரை அதையும் கண்ணாடிபோலக் காட்டிவிட்டது.

பவுல் சிறையிலிருந்து எழுதின நிருபங்கள் சபைகளைக் கட்டவில்லையா? சரீரத்தில் தூரமாயிருந்ததினால் அந்த ஐக்கியம் பொய்யாகுமோ?

ஒரு எச்சரிப்பு. "அவருதான் போன்லயே ஆராதனை பாக்கிறாரே" என்று சொல்லி, ஆலய வாசலில் சாய்தளம் கட்டாமல் இருந்துவிடாதிருங்கள். திமிர்வாதக்காரனுக்காக நாலுபேர் கூரையையே பிரித்தார்கள். நமக்கு நாலு மூட்டை சிமெண்டு பெரிதா?

இந்த வாரம், வீட்டோடிருக்கிற ஒரு சகோதரனையோ சகோதரியையோ போய்ப் பாருங்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "உங்க சிநேகிதர் யாரு? அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டு, உட்கார்ந்து கேளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.