கொடுத்தவர் காணாத பலன்

‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழியை அறியாத தமிழர் சிலரே. கொடுப்பவன், வாங்குபவன் முகம் மலர்வதைக் காண விரும்புகிறான்; ஊரார் புகழ்வதைக் கேட்க விரும்புகிறான். அது மனித இயல்பு, பழிக்க வேண்டுவதில்லை. ஆனால், பலனைக் காணுமுன் கொடுத்தவர் மறைந்துவிட்டால், பெற்றுக்கொண்டவர் அக்கடனை யாரிடம் செலுத்துவது? இதுவே நாம் ஈண்டுச் சிந்திக்க விழையும் வினா.

17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு தமிழில் காப்பியமாக வேண்டும் என விரும்பினார்கள். அப்பணியை ஏற்றவர் எட்டயபுரம் அரண்மனைப் புலவர் உமறு. அவருக்குத் தமிழ் கற்பித்த கடிகை முத்துப் புலவர் ஓர் இந்து. ஆதரித்த எட்டயபுரத்து மன்னரும் இந்து. செய்தி திரட்ட மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடியபோது, புலவரின் கோலத்தைக் கண்டு அவர்கள் முதலில் மறுத்துப் பின்னர் இசைந்தார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. காப்பியம் முடிவதற்குள் வள்ளல் காலமானார்கள். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அவர்கள் புலவரைத் தாங்கி நின்றார்கள். 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் உருவாயிற்று. அதுவும் நாயகத்தின் வாழ்வை முற்றும் பாடிவிடவில்லை. எஞ்சியதைப் பின்னர் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார்.

எத்தனை கைகள் பாருங்கள்! முழுப் பலனைக் கண்டவர் இவர்களுள் யார்? பெற்றதைக் கொடுத்தவரிடம் திருப்பித் தந்தவரும் இல்லை. அடுத்தவர் கையில் சேர்த்தவர்களே எல்லோரும். கலை தனியொருவன் சொத்தன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

உமறு அரபு நாட்டைப் பாடும்போது மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. மணல் நாட்டில் நெல்வயலா என நகைப்பாரும் உண்டு. தமிழன் கண்ட வளத்தைக் கொண்டே, அவன் காணாத நாட்டை அவன் நெஞ்சருகே கொணர்ந்தார் புலவர். கேட்பவன் நிற்கும் இடத்திற்குச் சென்று பேசுவதே உறவின் முதற்படி.

இனி நம் ஊருக்கு வருவோம். மேருவிலும் கிள்ளானிலும் நம் இல்லங்கள் பலவற்றில் பாட்டனார் தமிழில் கேட்கிறார். பேரன் மலாயில் விடை பகர்கிறான். அதற்காகப் பேரனைக் கடிவது நியாயமன்று. மேருவில் நம் அண்டை வீட்டார் பலர் ஜாவாவிலிருந்து குடியேறியோரின் வழியினர். அவர்கள் வீட்டுப் பெரியோருக்கும் இக்கவலை புதிதன்று. மொழி கருவிதானே, பொருள் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். அக்கேள்வியிலும் நியாயம் உண்டு. அரபியில் இருந்ததை உமறு தமிழுக்குக் கொணரவில்லையா? ஆனால் ஓடக்காரன் இரு கரையும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும். தமிழ்க் கரையை அறிந்தவர் வாய்மூடி இருந்துவிட்டால், ஓடம் நின்றுவிடும். பொருளும் அக்கரையிலேயே தங்கிவிடும்.

சிங்கப்பூரில் குடியேறிய கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். 1982இல் அது மூடப்பட்டது. ஆயினும் உமறுவின் பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையத்தில் இன்றும் பல சமயத்துப் பிள்ளைகளும் தமிழ் பயில்கின்றனர். பள்ளியை எழுப்பியோர் இதனை எண்ணியிருப்பாரோ?

மறைந்தவர்க்குக் கடனைத் திருப்பித் தர வழியில்லை. வருபவர்க்குக் கொடுப்பதே வழி. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. இன்றிரவு உணவுக்குப் பின் வீட்டுப் பிள்ளையை அருகில் அமர்த்தி, சீதக்காதியின் கதையை அவனுக்கு விளங்கும் மொழியில் சொல்வோம். அந்தப் பழமொழியை மட்டும் தமிழிலேயே சொல்லிக் கொடுப்போம். அவன் அதனை எவரிடம், எந்நாளில் சொல்வான் என்பதை நாம் காணப்போவதில்லை. காணவேண்டும் என்பதுமில்லை.