குடிக்காதே என்று சொல்லும் உரிமை யாருக்கு?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பகுதி தலித்துகள், அன்றாடங்காய்ச்சிகள். அரசாங்கம் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அறிவித்ததும் டீக்கடை, பஸ், ஆபீஸ் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "குடிச்சிட்டுச் செத்தவனுக்கு எதுக்குய்யா பத்து லட்சம்?"

கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இது தீர்ப்பு. குடி நம்முடைய குணம், வறுமை அந்தக் குணத்துக்குக் கிடைத்த பலன் என்ற தீர்ப்பு. மேல்சாதிக்காரன் கிளப்பில் உட்கார்ந்து குடித்தால் அது அவனுடைய சொந்த விஷயம். நம்ம ஆள் ரோட்டோரம் குடித்தால் அது சாதியின் விஷயம். மாவட்டத் தலைநகரத்துக்கு நடுவிலேயே விஷத்தை விற்றவன் யார், விற்கவிட்டவன் யார் என்பதெல்லாம் இந்தத் தீர்ப்புக்குத் தேவைப்படுவதில்லை.

குடி நல்லதா கெட்டதா என்று நான் இங்கே பேசவரவில்லை. அதை நம் பெண்கள் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்கள். "குடிக்காதே" என்று நம்மைப் பார்த்துச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

எங்க தாத்தா பறையடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயே ஆகவேண்டும். கூலி என்று கையில் விழுவது கொஞ்சம் நெல், கொஞ்சம் சில்லறை. ஆனால் சாராயம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பிணம் எடுக்கிறவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். "நெல்லை அளக்கச் சொல்ல கை நடுங்கும், சாராயத்த ஊத்தச் சொல்ல நடுங்காது" என்று எங்க ஆயா சொல்லும். கூலியைக் குறைத்து, குறைத்ததை மறக்கப் போதை கொடுத்தவர்களின் பேரன்கள்தான் இன்றைக்குக் "குடிச்சே அழிஞ்சானுங்க" என்று சொல்கிறார்கள்.

சாக்கடைக் குழியில் இறங்கும் தோழர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "குடிக்காம எறங்கிப் பாருப்பா, அப்புறம் எங்கிட்ட பேசு" என்றார். மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இரண்டும் வந்த பிறகும் குழிக்குள் ஆள் இறங்குகிறான், சாகிறான். அவனிடம் போய்ப் பாட்டிலைப் பிடுங்குவது ஒழுக்கமா? குழியை விட்டுவிட்டுப் பாட்டிலை மட்டும் பிடுங்குகிறவன், அவன் நாற்றத்தை உணர்ந்துகொண்டே சாகட்டும் என்கிறான்.

மதுவிலக்கின் கதையையும் பார்ப்போம். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் எடுத்தார்கள், 1974இல் மறுபடி போட்டார்கள், 1981இல் மறுபடி தளர்த்தினார்கள். 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக். 2003இல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24இல் அதன்மூலம் வந்த வரி 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். மூடும்போது ஒழுக்கம் பேசினார்கள், திறக்கும்போது நிதிநிலை பேசினார்கள். இரண்டு தடவையும் சேரியை யாரும் கேட்கவில்லை.

காந்தியவாதிகள் சேரிக்குள் வந்தபோதும் குடியை விடு, செத்த மாட்டுக் கறியை விடு, குளித்துச் சுத்தமாக இரு என்றுதான் சொன்னார்கள். நாம் யோக்கியமானால் ஊர் கதவைத் திறக்குமாம். தீண்டாமை நம்முடைய அழுக்கிலிருந்து பிறந்தது போல! குடிக்காத தலித்துக்கு எந்த ஊரில் தனிக் கிளாஸ் மாறியது?

சட்டம் யார்மேல் விழும் என்பதற்குப் பீகாரே சாட்சி. 2016இல் அங்கே முழு மதுவிலக்கு வந்தது. 2017இல் ஜெகனாபாத்தில் அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் தண்டனை பெற்றவர்கள் முசகர் சாதியைச் சேர்ந்த கூலிக்கார அண்ணன் தம்பி. குடித்ததற்கு ஐந்தாண்டு சிறை, ஆளுக்கு ஒரு லட்சம் அபராதம். லாரி லாரியாகக் கடத்துகிறவனுக்கு வக்கீல் இருக்கிறான். முசகருக்கு யார் இருக்கிறார்கள்?

இங்கேதான் அம்பேத்கரைக் கவனமாகப் படிக்கவேண்டியிருக்கிறது. 1951இல் பட்டியல் சாதியினர் சம்மேளனத்தின் தேர்தல் அறிக்கை மதுவிலக்கை எதிர்த்தது. வருமானம் போகிறது, அமல்படுத்தவே பெருஞ்செலவு ஆகிறது, கடையில் இருந்த சாராயம் வீட்டுக்குள் காய்ச்சும் தொழிலாகிவிட்டது என்றது. அதே அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் மக்களை ஏற்கவைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. நம் மண்ணிலும், 1898இல் பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தோடு இதைக் கொண்டுவந்தார்.

முரண்பாடா இது? எனக்கு அப்படிப் படவில்லை. சட்டம் போலீஸ்காரன் கையில் லத்தியாக வருகிறது. உறுதிமொழி என் வாயிலிருந்து வருகிறது. சட்டத்துக்கு நான் குற்றவாளி. உறுதிமொழியில் நான் மனிதன், எனக்கு நானே கட்டளையிடுகிறேன். யாருடைய கதவும் திறப்பதற்காக அல்ல, என் அறிவு என்னிடம் இருக்கவேண்டும் என்பதற்காக.

தொண்ணூறுகளில் நம் எழுத்தாளர்களுக்குள் இன்னொரு பேச்சும் இருந்தது. மாட்டுக்கறியும் சாராயமும் நம் கலகப் பண்பாடு, வெட்கப்படாதே என்றார்கள். மேல்சாதிப் புனிதத்தைக் கிழிப்பதற்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் கறியையும் சாராயத்தையும் ஒரே தட்டில் வைக்கமுடியாது. கறி அடுப்புக்கு வருகிறது. பிள்ளை தின்னுது, கிழவி தின்னுது, பொம்பள தின்னுது. சாராயம் அந்த அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. கறிச்சட்டியைப் பார்த்துப் பயந்து ஒளிந்த குழந்தை நம் சேரியில் கிடையாது. பண்பாடு என்று பேசியது பெரும்பாலும் ஆம்பளை. கஞ்சி இல்லாமல் படுத்தவளிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

கேட்காமலேயே பதில் சொன்னவர்களும் உண்டு. 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது பரவி 1993இல் ஆந்திரா முழுக்கச் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995இல் வந்த முழு மதுவிலக்கை 1997இல் அரசு தளர்த்தியது, வருமானம் ஜெயித்தது. இங்கே, நெடுஞ்சாலையில் கடை கூடாதென்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. 2017இல் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் பெண்கள். அடியும் வாங்கினார்கள்.

ஆகவே என் பதில் இதுதான். குடிக்காதே என்று சொல்லும் உரிமை, குடியின் கணக்கைத் தன் உடம்பில் கட்டியவளுக்கு உண்டு. அந்த வாழ்க்கையைச் சேர்ந்து வாழ்கிற தோழனுக்கு உண்டு. கூலியைப் போதையாகக் கொடுத்த ஊருக்குக் கிடையாது. ஒரு கையால் விற்று மறு கையால் விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டும் அரசுக்கும் கிடையாது. அரசு செய்யவேண்டியது வேறு: குழிக்குள் இயந்திரத்தை இறக்கு. காய்ச்சுகிறவனையும் மாமூல் வாங்குகிறவனையும் பிடி, குடிக்கிறவனுக்கு வைத்தியம் கொடு. எங்கள் தெருவில் கடை வேண்டுமா என்பதை எங்கள் பெண்களிடம் கேள்.

மீதி வேலை நம்முடையது. மேடையில் விடுதலை பேசிவிட்டு ராத்திரி வீட்டில் கை ஓங்குகிறவனை, "தோழர்தானே" என்று நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஊர் சிரிக்குமே என்று மூடிமறைக்கவும் கூடாது. ஊர் எப்போதும் சிரிக்கத்தான் செய்யும். நாம் பதில் சொல்லவேண்டியது அவன் வீட்டில் கஞ்சி இல்லாமல் படுத்திருக்கிறவளுக்கு.