கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நிஜமாகவே கூடம் கோணலாக இருந்தால்?

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் துப்பாக்கி ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. டிரிகரின் இழுப்பு அரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது. மற்றபடி, கைப்பிடியை அவரவர் உள்ளங்கைக்கு ஏற்ப இழைத்துக்கொள்ளலாம். அப்படிக் கைக்குப் பழகிய துப்பாக்கிதான் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில், பாதிப் போட்டியில் மனு பாக்கருக்குப் பழுதானது. நேரம் போச்சு, இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்றும் போச்சு.

பழியைத் துப்பாக்கி மேல் போட்டால் யார் மறுப்பார்கள்? ஆனால், சோமனூரில் விசைத்தறியில் இழை அறுந்தால் தறியைத் திட்டிக்கொண்டா நிற்கிறார்கள்? நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுகிறார்கள். மனுவும் ஓட்டினார். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம்!

கருவி பழுதானது நம்ம குற்றமில்லைங்க. அடுத்த இழையை முடிவது மட்டும் நம்ம பொறுப்பு.