கடலுக்குக் கொடுக்கத் தக்கது எது?

புதுக்கோட்டை மாவட்டத்து மீமிசல், பாக் நீரிணையின் ஆழம் குறைந்த கரையில் இருக்கிறது. ஆடி, தை அமாவாசைகளில் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வருவோர் இங்கே முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து நீராடுகிறார்கள். மீனவரின் கடல் வழிபாடு வேறு. நீராடிப் போகிறவர் கடலிடமிருந்து எதையும் எடுப்பதில்லை. மீனவர் அன்றாடம் எடுத்தே வாழ்கிறவர். எடுத்தவர் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? மீனைப் படைத்தால் அது கடலின் பொருளையே கடலுக்குக் கொடுப்பதாகும். சோழமண்டலக் கரை நெடுகத் தேங்காய், பழம், பூ, பால் என்று நிலத்தின் பொருள்களே அலையில் விடப்படுவது காரணமில்லாமல் அல்ல.

மீனவரின் கடல் வழிபாட்டுக்குப் பழைய சான்று பட்டினப்பாலையில் உள்ளது. தொல்காப்பியம் நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாக வகுத்தாலும், பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்து மீனவராகிய பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தைக் கண்டார்கள். முழுநிலா நாளில் அவர்கள் மீன் பிடிக்கப் போகவில்லை. தாழம்பூச் சூடி, பனங்கள் குடித்து ஆடினார்கள்.

இத்தகைய சடங்குகளுக்கு அச்சமே வேர் என்பது பரவலான விளக்கம். டிரோபிரியாண்ட் தீவினர் அமைதியான காயலில் மந்திரமின்றி மீன் பிடித்தார்கள், ஆபத்தான திறந்த கடலுக்கு மட்டும் மந்திரச் சடங்கு செய்தார்கள் என்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1925-இல் எழுதினார். தமிழ்க் கரையை இது பாதிதான் விளக்கும். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் கடலாடத் திருமலைராயன்பட்டினம் வரும்போது, மீனவர் அவரைத் தங்கள் குலப் பெண்ணை மணந்த மாப்பிள்ளையாக வரவேற்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் செய்யும் சீரில் அச்சத்தைத் தேடுவது வீண். 2004 ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்த ஊர்களிலோ டிசம்பர் 26 தோறும், அவர்களைக் கொண்டுபோன அதே கடலில் பால் ஊற்றுகிறார்கள். உயிர்கள் போனபின் ஊற்றும் பாலை அச்சத்தில் தரும் கையூட்டு என்று சொல்ல முடியாது.

படையல் பொருள்களைவிடப் பெரிய காணிக்கை ஒன்று உண்டு. அது தொழிலுக்குப் போகாத நாள். பரதவரின் முழுநிலா நாள் அப்படிப்பட்டது. கிறிஸ்தவ மீனவர் ஞாயிறன்றும் முஸ்லிம் மீனவர் வெள்ளியன்றும் வலை போடாமல் இருப்பதும் அவ்வகையே. தெய்வத்தின் பெயர் மாறினாலும் கொடுப்பது ஒன்றுதான்: ஒரு நாள் வருமானம்.

ஆனால் எல்லா ஓய்வும் காணிக்கை ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடை, மீன்கள் இனம் பெருகுவதற்காக அரசு இடும் ஆணை. மீமிசலுக்கு அருகிலுள்ள கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டும் கடலுக்குப் போவது, நாட்டுப்படகுக்காரரோடு மோதலைத் தவிர்க்கச் செய்துகொண்ட ஏற்பாடு. இரண்டிலும் கடலுக்கு ஓய்வு கிடைக்கிறது. இரண்டும் வழிபாடு அல்ல.