சாங்ஷன் ஆன பிறகு

மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களின் கண்ணில் இரண்டு வகை நிலம் படும். ஒன்று, 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் உப்பளம். அதில் பெரும்பகுதி அரசு நிலம். குத்தகைக்கு எடுத்துப் பாத்தி கட்டலாம், உப்பு வாரலாம். அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது. இன்னொன்று, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ‘வங்கிக் கடன் வசதி உண்டு’ என்ற பலகையோடு நிற்கும் வீட்டுமனை. இந்த இரண்டாவது நிலத்தில்தான் ஒரு விசித்திரமான ஏமாற்றம் நேர்கிறது. கடன் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஆசை அன்றோடு போயிருக்கும். கடன் உண்டு என்று கடிதம் கொடுத்துவிட்டு, பிறகு இல்லை என்கிறார்கள்.

உப்பளத்தில் வேலை செய்தவரின் மகன் ஒருவர், புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவின் வருமானத்தை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது. ஜனவரி தொடங்கிச் செப்டம்பர், அக்டோபர் வரைதான் உப்பு. மழை வந்தால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசே 2022-இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நிவர் புயல் 2020 நவம்பரில் மரக்காணத்தை ஒட்டியே கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, சற்று உள்ளே தள்ளியிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட குடும்பத்தில் சம்பளச் சீட்டோடு வந்த முதல் ஆள் மகன்தான். ஆகவே கடிதம் வந்த அன்றே வீட்டுக்குப் போன் போகிறது: “அப்பா, லோன் சாங்ஷன் ஆயிடுச்சு.”

அதற்குப் பிறகு நடப்பவை வேகமாக நடக்கின்றன. நிலத்துக்காரருக்கு அட்வான்ஸ் போகிறது. மூன்று மாதக் கெடு வைத்து அக்ரிமென்ட் எழுதப்படுகிறது. அட்வான்ஸுக்காக நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். போதாததற்கு மச்சானிடம் கைமாற்று. கொத்தனாரிடமும் பேசியாகிவிட்டது. ஆனால் அந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தால் வேறு சில வரிகளும் இருக்கும். சட்டக் கருத்துக்கும் மனை மதிப்பீட்டுக்கும் உட்பட்டது, இன்ன தேதிவரைதான் செல்லும், தேவைப்பட்டால் ரத்து செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. கடன் கொடுப்பவர் தந்தது நிபந்தனையோடு கூடிய வாக்கு. அதை நம்பி நிலத்துக்காரரிடமும் மச்சானிடமும் மகன் கொடுத்த வாக்கில் எந்த நிபந்தனையும் இல்லை. சிக்கல் அங்கேதான் விதைக்கப்படுகிறது.

இந்தக் கரையில் கடன் கைநழுவக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து விட்டுப்போயிருக்கலாம். வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று தீர்க்கப்படாமல் நிற்கலாம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை பொதுவாகப் புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. மனை அதற்குள் விழலாம். அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது, 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. வரன்முறை ஆகாத மனை என்றால் வங்கி வழக்கறிஞர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார். சில நேரம் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். புது வீட்டுக்கென்று தவணையில் ஒரு ஃபிரிட்ஜும் பைக்கும் வாங்கியிருப்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன் சிபில் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தால், அந்தத் தவணைகளே கடன் தகுதியைக் குறைத்திருக்கும்.

வாங்குபவர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் கதவு சாத்தப்படுவதுண்டு. 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியதும் வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது அரிதானது. நாட்டின் பெரிய வீட்டுக் கடன் நிறுவனங்களில் ஒன்றாக இருந்த டிஎச்எஃப்எல், தன் தொழில் ஸ்தம்பித்துவிட்டது, கடன் வழங்குவது ஏறக்குறைய நின்றுபோயிற்று என்று 2019 ஜூலையில் தானே சொன்னது. அந்த நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. பிரிட்டனில் 2022 செப்டம்பர் 23 அன்று வந்த ‘மினி பட்ஜெட்’டுக்குப் பிறகு, வட்டி விகிதங்கள் எகிற, ஒரே இரவில் 900-க்கும் மேற்பட்ட வீட்டுக் கடன் திட்டங்கள் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன. அங்கே கடன் உறுதிக் கடிதம் பெற்றிருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களில் பலர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சட்டம் இந்த வாக்கை எப்படிப் பார்க்கிறது? குஜராத் மாநில நிதிக் கழகம், பரோடாவில் ஓட்டல் கட்ட லோட்டஸ் ஓட்டல்ஸ் நிறுவனத்துக்குச் சுமார் 30 லட்சம் ரூபாய் அனுமதித்துவிட்டுப் பின்வாங்கியது. வாக்கை நம்பி ஒருவர் காரியத்தில் இறங்கிய பிறகு அரசு நிறுவனம் அதிலிருந்து நழுவ முடியாது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓட்டல் முதலாளிக்கு உச்ச நீதிமன்றம்வரை போகத் தெம்பு இருந்தது. மூன்று மாதக் கெடுவில் நிற்கும் குடும்பம், வழக்கு முடியும்வரை நிலத்துக்காரரைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

ரிசர்வ் வங்கியின் 2003-ஆம் ஆண்டு நியாய நடைமுறை விதிகள், அனுமதித்த கடனை அதன் நிபந்தனைகளின்படி காலத்தோடு வழங்க வேண்டும் என்கின்றன. அதே ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வேறொன்றையும் கண்டுபிடித்துக் கண்டித்தது. சில நிறுவனங்கள், பணம் கைமாறிய நாளிலிருந்து வட்டி கணக்கிடாமல், கடன் அனுமதித்த நாளிலிருந்தோ ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ வட்டி வாங்கிக்கொண்டிருந்தன. வட்டி வாங்கும்போது அனுமதித்த நாளே பணம் கொடுத்த நாள். பணம் கொடுக்க வேண்டி வரும்போது அனுமதி என்பது வெறும் காகிதம். ஒரே கடிதத்துக்கு இரண்டு எடை.

நிலத்துக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் என்ன ஆகும்? டெல்லியில் ஒரு வீட்டுக்கு 70 லட்சம் ரூபாய் விலை பேசி, 7 லட்சம் முன்பணம் கொடுத்தவர் கெடுவுக்குள் மீதியைக் கொடுக்கவில்லை. விற்பவர் 50,000 ரூபாயை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றது உயர் நீதிமன்றம். ஆனால் ஒப்பந்தத்தில் இடமிருந்தால், உறுதிப் பணமாகக் கொடுத்த முன்பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில், கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு வீடு விற்பது சகஜம். அதே வரியை இங்கே பத்திரம் எழுதுபவரிடம் சொன்னாலும் எழுதிவிடுவார், சட்டத்தில் தடையில்லை. கடிதம் வந்த மகிழ்ச்சியில் அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை, கேட்டால் நிலத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ என்ற பயமும் இருக்கிறது.

நிலத்துக்காரரையும் வில்லனாக்கிவிட முடியாது. பெண் கல்யாணத்துக்காகவோ பழைய கடனை அடைக்கவோதான் பலர் நிலத்தை விற்கிறார்கள். அட்வான்ஸ் வந்த வாரமே அது மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் போயிருக்கும், மீதித் தொகையை நம்பி அவரும் நாலு பேரிடம் தேதி சொல்லியிருப்பார். வங்கியில் எழுதப்பட்ட நிபந்தனை அவர் வீடுவரை வந்து சேரவே இல்லை. கடன் ரத்தான செய்தியோடு மகன் அவர் வாசலில் நிற்கும்போது, திருப்பிக் கொடுக்கும் மனம் அவருக்கு இருக்கலாம். பணம் இருக்காது.