கடைசியில் வந்தவரின் கூலி

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நற்செய்திப் பகுதி வகுக்கப்பட்டுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1969-இல் வெளியான ஒழுங்கின்படி, ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. பொதுக்காலத்து வார நாட்களின் நற்செய்தியோ ஆண்டுதோறும் அதே வரிசையில் திரும்பி வருகிறது. அன்றைய வாசகத்தை ஒரு புனிதரின் வாழ்க்கையோடு சேர்த்துச் சிந்திப்பது அம்மரபினரின் அன்றாடப் பயிற்சி. போதனை பொன் என்றால், அதை உரைத்துப் பார்க்கும் உரைகல் புனிதரின் வாழ்க்கை.

இவ்வாறு மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளுள் நீதி உணர்வையே உலுக்கும் ஒன்று உண்டு. அது மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அத்தியாயத்திலுள்ள திராட்சைத் தோட்ட உவமை. நிலக்கிழார் ஒருவர் விடியற்காலையில் வேலையாட்களை அமர்த்துகிறார். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசுகிறார். முற்பகலிலும், நண்பகலிலும், பிற்பகலிலும் மேலும் சிலரை அனுப்புகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது, தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று நின்றவர்களையும் அனுப்புகிறார். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி! நாள் முழுவதும் வெயிலைச் சுமந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அவர்களது முணுமுணுப்பில் நியாயம் இல்லையா? அவரவர் தகுதிக்கேற்பப் பங்கிடுவதே நீதி என்பது அரிஸ்டாட்டில் வகுத்த இலக்கணம். அந்த அளவுகோலின்படி நிலக்கிழார் தவறியவரே. ஆனால் உவமையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடைசியில் வந்தவர்களுக்கே முதலில் கூலி கொடுக்கும்படி அவர் ஆணையிடுகிறார். காலையில் வந்தவர்கள் முதலில் பெற்றிருந்தால், பேசிய கூலி கைக்கு வந்த நிறைவோடு வீடு திரும்பியிருப்பார்கள். அவர்களது கூலியில் ஒரு காசும் குறையவில்லை. குறைந்தது அவர்களது நிறைவு. அதைக் குறைத்தது ஒப்பீடு.

இந்தப் போதனையை உரைத்துப் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று, பிரான்ஸ் நாட்டு லிசியே நகரத்துப் புனித தெரேசாவின் இளமையில் நடந்தது. கொல்கத்தாவின் அன்னை தெரசா தம் துறவறப் பெயராக ஏற்றது இவரது பெயரையே. 1887-இல் பாரிஸில் இரு பெண்களும் ஒரு சிறுமியும் கொலையுண்டனர். அக்குற்றத்திற்காக ஹென்றி பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரிகைகள் அவனை வெறுத்துத் தள்ளின. அப்போது பதினான்கு வயதுச் சிறுமியாயிருந்த தெரேசா அவனுக்காகப் பிரார்த்தனை செய்யத் தொடங்கினாள். அவன் மனந்திரும்பியதற்கு ஓர் அடையாளம் மட்டும் வேண்டினாள். ஆகஸ்ட் 31 அன்று தண்டனை நிறைவேறியது. கடைசி நொடியில் அவன் திரும்பி, குருவின் கையிலிருந்த சிலுவையை மும்முறை முத்தமிட்டான் என்று நாளேட்டில் படித்து அவள் கண்ணீர் வடித்தாள். அவனைத் தன் முதல் குழந்தை என்றே பின்னாளில் குறிப்பிட்டாள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. மூன்று உயிர்கள் போனபின், கொன்றவனின் நற்கதிக்காக மகிழ்வது மாண்டவர்களுக்குச் செய்யும் அநீதி ஆகாதா? மாண்டவர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தெரேசாவும் அதைக் கோரவில்லை. தண்டனையை நீக்கும்படி அவள் வேண்டியதாகவும் தெரியவில்லை. சட்டம் தன் வழியே சென்றது. அவள் வேண்டியது ஒன்றே: ஓர் ஆன்மா இருளிலேயே மூழ்கிவிடக் கூடாது. மன்னிப்பு என்பது குற்றத்தைச் சிறிதாக்குவதன்று. குற்றத்தின் முழுக் கனத்தையும் அறிந்தபின்னும் மனிதனைக் கைவிடாதிருப்பது.

அப்படியானால் கடைசி மணி வரை காத்திருக்கலாமே என்று ஒருவர் வாதிடலாம். இந்த உவமையை விளக்கிய புனித அகஸ்தீன் இதற்கு விடை கூறியிருக்கிறார்: மனந்திரும்புபவனுக்கு மன்னிப்பு வாக்களிக்கப்பட்டுள்ளது, நாளைய பொழுது எவருக்கும் வாக்களிக்கப்படவில்லை. மேலும், உவமையில் மாலையில் வந்தவர்கள் அழைப்பை மறுத்தவர்கள் அல்லர், அழைப்பைக் கேளாதவர்கள். கேட்டும் தள்ளிப்போடுபவர் அவர்களைத் தமக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

தெரேசா விடியலில் வந்த வேலையாள். பதினைந்து வயதில், 1888-இல் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கணக்குப் பார்க்க அவருக்கு எவ்வளவோ இருந்தது. ஆயினும் 1895-இல் தம்மை இறைவனுக்குக் கையளித்தபோது, வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு அவர்முன் நிற்பதாகவே எழுதினார். மறு ஆண்டு ஈஸ்டர் முதல் காசநோயும், அதனினும் கொடிய நம்பிக்கை இருளும் அவரைச் சூழ்ந்தன. வானுலகம் என்ற எண்ணமே போராட்டமாயிற்று. அந்த இருளில், தாம் பாவிகளின் பந்தியில் அவர்களோடு அமர்ந்து உண்பதாகக் கருதி, விலகாமல் இருந்தார். 1897 செப்டம்பர் 30 அன்று, இருபத்து நான்காம் வயதில் மறைந்தார்.

நெடுநாள் ஜபமும் தியானமும் சேவையும் செய்தவர் உள்ளத்தில், அவரறியாமலே ஒரு கணக்கேடு திறந்திருக்கக் கூடும். நேற்று வந்த ஒருவர் அமைதி பெற்றார் என்று கேட்கும்போது அந்த ஏட்டின் பக்கங்கள் புரளும். வெயிலில் உழைத்ததைத் துன்பம் என்று கணக்கிடுபவர், தோட்டத்தில் இருந்ததே பேறு என்பதை இன்னும் அறியவில்லை. கடைசியில் வந்தவரின் கை நிறைவதைக் கண்டு மகிழும் உள்ளம் வாய்த்ததா? அதுவே நாள் முழுவதும் உழைத்தவருக்குக் கிடைக்கும் மேலான கூலி.